வியாழக்கிழமை பதினொரு மணி அஞ்சலை

போன ஞாயிற்றுக்கிழமை பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தேன். பண்ருட்டியிலிருந்து தம்பி கொண்டுவந்து போட்டுவிட்டுப் போன பழம். என்னோடு சண்டை போட வந்தது போலக் கூடத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தது. இரண்டு கையிலும் தேங்காய் எண்ணெய், அதற்கு மேல் பால், பாலில் ஒட்டிய சடை. அந்த நேரம் பார்த்துக் கைபேசி அடித்தது. முழங்கையால் தள்ளிப் பார்த்தேன். குனிந்து மூக்கால் தொட்டுப் பார்த்தேன். மூக்கை அது மனித உறுப்பாக மதிக்கவில்லை. அடித்து ஓய்ந்தது, மறுபடியும் அடித்தது. கையைத் துடைத்துக்கொண்டு எடுக்கக் கால் மணி நேரம் ஆனது. அழைத்தவள் என் பள்ளித் தோழி.

"ஏண்டி எடுக்கல? ஆளே இல்லன்னு நெனச்சிட்டேன்" என்றாள்.

நீங்களும் நானும் தினமும் சொல்கிற சாதாரணப் பேச்சுதான். எனக்கு மட்டும் சுருக்கென்றது. எடுக்காவிட்டால் ஆள் இல்லை என்று ஒரு காலத்தில் நானே சட்டம் போட்டு, நோட்டுப் போட்டு, கோடும் கிழித்தவள். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பலாப்பழம் செரிக்காது போலிருக்கிறது.

நெய்வேலி டவுன்ஷிப்பில் அப்போது ஒரு சமுதாய வானொலி இருந்தது. பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. ஒரு பழைய குவார்ட்டர்ஸ்தான் நிலையம். சமையலறையில் ஒலிபரப்புக் கருவி, படுக்கையறையில் ஸ்டூடியோ, கூடத்தில் அலுவலகம். சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டியிருந்தோம், எதிரொலிக்காமல் இருக்க. ஏதோ மெஸ்ஸில் கேட்டு வாங்கிய அட்டைகள். மழைக்காலத்தில் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தால் ஆம்லெட் வாசனை லேசாக வரும். இன்றைக்கும் ஆம்லெட் போட்டால் எனக்கு "நேரம் காலை எட்டு மணி" என்று சொல்லத் தோன்றும்.

எனக்கு இருபத்து மூன்று வயது. அப்பா மைன்ஸில் வேலை, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். நான் பிறந்தது, வளர்ந்தது, படித்தது எல்லாம் டவுன்ஷிப் பிளாக்குக்குள். வானொலி என்றால் எப்படிப் பேச வேண்டும் என்று எனக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. வாயில் வெற்றிலை இல்லாமலே வெற்றிலை போட்டவளைப் போல நிதானமாக, "அன்பார்ந்த நேயர்களே, பொன்னான இக்காலைப் பொழுதிலே" என்று தொடங்குவேன். அம்மாவே ஒருநாள் "யாருடி அது, உன்ன மாதிரியே ஒருத்தி பேசுதா" என்று கேட்டாள்.

நிகழ்ச்சிகள் எல்லாம் ஊர்க்காரர்களுடையவை. சினிமாப் பாட்டுக்கு உரிமை வாங்குவது பெரிய பாடு என்பதால் யார் பாடினாலும் சேர்த்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை காலையில் பண்ருட்டிப் பாய்மார் இருவர் வந்து தப்ஸ் அடித்துப் பாடுவார்கள். ஞாயிறு மாதா கோயில் கோரஸ். செவ்வாய்க்கிழமை ஓய்வுபெற்ற டிரைவர் ஒருவர் மவுத்தார்கன் வாசிப்பார், இடையிடையே மூச்சு வாங்குவதும் சேர்ந்தே ஒலிபரப்பாகும். சனிக்கிழமை 'நம்ம பிளாக் சமையல்'. எல்லா மாவட்டத்துக் குடும்பமும் இருக்கிற ஊரில் அதை நடத்தியது எங்கள் துணிச்சல். ஒருநாள் தேங்காய்ப்பால் சொதிக்கு இஞ்சி போடலாமா கூடாதா என்று நாகர்கோவில் மாமி ஒருவருக்கும் எங்கள் அம்மாவுக்கும் நேரலையில் வாக்குவாதம் முற்றி, கடைசியில் அடுப்பிலிருந்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. அன்றைக்கு மட்டும் ஐம்பத்திரண்டு அழைப்புகள் வந்தன.

அழைப்புகள் என்றேனே, அங்கேதான் வருகிறேன். எங்கள் நிலையப் பொறுப்பாளர் பாலகிருஷ்ணன் சார் மைன்ஸ் அலுவலகத்தில் வருகைப்பதிவு பார்த்து ஓய்வுபெற்றவர். வந்தவர் வந்தார், வராதவர் வரவில்லை என்பது அவருக்கு வாழ்க்கைத் தத்துவம். "யார் கேக்கறாங்கன்னு எப்படித் தெரியும்?" என்று ஒருநாள் கேட்டார். நான் கெட்டிக்காரி அல்லவா, உடனே ஒரு நீள நோட்டு வாங்கினேன். நிகழ்ச்சி, தேதி, வந்த தொலைபேசி அழைப்புகள் என்று பத்தி பிரித்தேன். மூன்று மாதம் தொடர்ந்து பத்து அழைப்புக்குக் குறைந்தால் சிவப்புக் கோடு, கோடு விழுந்தால் நிகழ்ச்சி நிறுத்தம். சார் என்னைத் தட்டிக்கொடுத்தார். என் சாயங்கால நிகழ்ச்சி 'மலரும் மாலை' முப்பதுக்குக் குறைந்ததே இல்லை. அழைத்தவர்களில் பாதிப் பேர் எங்கள் பிளாக்குக்காரர்கள் என்பதை நோட்டில் எழுதப் பத்தி இல்லை.

அஞ்சலையக்காவுக்கு வருவோம். முத்தாண்டிக்குப்பத்துக்காரர். முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகையில் வேலை. நடவுப்பாட்டு பதிவு செய்ய வந்த பெண்களோடு ஒருவராக வந்தார். பாடி முடித்த பிறகு மற்றவர்கள் டீ குடிக்கப் போனார்கள், இவர் மைக்கை விட்டு நகரவில்லை. "இதுல பேசுனா எம்மாந்தூரம் போவும்?" என்று கேட்டார். காற்று நன்றாக இருந்தால் காடாம்புலியூர் தாண்டியும் போகும் என்றேன். கொஞ்சம் யோசித்தார். "அப்ப எனக்கு ஒரு அர மணி நேரம் குடு பாப்பா, எங்க ஜனங்களாண்ட பேசணும்."

கொடுத்தோம். வியாழன் காலை பதினொன்றிலிருந்து பதினொன்றரை. அன்றைக்கு வேலையை விட்டுவிட்டு பஸ் பிடித்து வருவார். ஆதார் அட்டையில் பெயர் தப்பாக இருந்தால் எங்கே போவது, கைப்புண்ணுக்கு எந்த டாக்டர் திட்டாமல் மருந்து தருகிறார், பிள்ளை பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்றால் என்ன செய்வது, இப்படிப் பேசுவார். நடுவில் ஒரு பாட்டு. எழுதி வைத்துப் படிக்கவே மாட்டார். நான் வெளியே கண்ணாடிக்குப் பின்னால் நின்று, அவர் 'வூடு' என்று சொல்லும்போதெல்லாம் உதட்டால் 'வீ... டு' என்று காட்டுவேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி 'வூட்டுல' என்பார். நான் வணக்கம் சொல்வதாக நினைத்திருந்தாராம்.

மூன்று மாதத்தில் அஞ்சலையக்காவின் நிகழ்ச்சிக்கு வந்த அழைப்புகள் மொத்தம் நான்கு. அதில் ஒன்று தவறான எண். நானே சிவப்புக் கோடு போட்டேன். ஸ்கேல் வைத்துத்தான் போட்டேன்.

சொல்லும் பொறுப்பும் எனக்கே வந்தது. வரும் வியாழனோடு முடிகிறது என்று புதன்கிழமை காலை ஸ்கூட்டரில் முத்தாண்டிக்குப்பம் போய், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவரிடம் அவர் வீட்டு வாசலில் நின்று சொன்னேன். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து மோர் கொடுத்தார். குடித்து முடித்த டம்ளரை வாங்கி வைத்துவிட்டுச் சொன்னார்.

"கொட்டாயில மேஸ்திரி என்னெ ஏய்னுதான் கூப்புடுவான். வூட்டுக்காரரும் ஏய்தான். இந்த ரேடியோவுல நீ ஒருத்திதான் பாப்பா, 'வழங்குபவர் அஞ்சலை'ன்னு சொல்லுவ. அத நிறுத்திடாத."

ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? "யாரும் கேக்கலையேக்கா. நாலு ஃபோன் கூட வரலியே" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கோபம் இல்லை. தெரியாத பிள்ளையைப் பார்க்கிற பார்வை. "கேக்கலன்னு ஆரு சொன்னா? வா, வந்து பாரு" என்று எழுந்து ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

கொட்டகைக்குள் முதலில் எதுவும் தெரியவில்லை. புகை. வறுத்த முந்திரி ஓட்டின் வாசனை இருக்கிறதே, கண்ணில் எரிச்சலாகவும் நாக்கில் ருசியாகவும் ஒரே நேரத்தில் இறங்கும். பிறகு நாற்பது பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ஆளுக்கு ஒரு கல், ஒரு கட்டை. டக், டக், டக் என்று அடித்துப் பருப்பு உடையாமல் ஓட்டை மட்டும் பிளக்கிறார்கள். கூரை விட்டத்தில் கம்பியால் கட்டி ஒரு ரேடியோ தொங்கியது. அதில் பேசிக்கொண்டிருந்தது நான். முதல்நாள் பதிவு செய்த நிகழ்ச்சி. புகைக்குள்ளிருந்து "பொன்னான இக்காலைப் பொழுதிலே" என்று கேட்டபோது எனக்கே என்னை நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது.

"இதாண்டி அந்த நேயர்களே பொண்ணு" என்றார் ஒரு பெண். கொட்டகை முழுக்கச் சிரிப்பு.

என் நிகழ்ச்சியையும் கேட்கிறார்களா என்று எனக்குள் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. வெட்கமில்லாமல் கேட்டேன், பிடித்திருக்கிறதா என்று.

"காலைல வரும்போதே போட்டுருவோம். அப்பறம் சாயங்காலம் வரைக்கும் அதான் ஓடும்." அந்தப் பெண் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். "இதோட மாத்தவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. இன்னா பண்றது, கேப்போம்."

கைகள் முழங்கை வரை கறுப்பாக இருந்தன. ஓட்டிலிருந்து வடிகிற எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். அதற்காகச் சாம்பலை அப்பிக்கொள்கிறார்கள், சாம்பலும் எண்ணெயும் சேர்ந்து தார் மாதிரி ஒட்டிக்கொள்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, அவ்வளவுதான் கழுவுவது. எண்ணெய் போட்டுத் தேய்த்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, கடைசியில் சோப்பு. கைபேசிகள் எல்லாம் ஒரு மஞ்சள் பையில் ஆணியில் தொங்கின. பதினொரு மணிக்கு அவற்றைத் தொடக்கூடிய கை அந்தக் கொட்டகையில் ஒன்றுகூட இல்லை. இப்படி முத்தாண்டிக்குப்பத்திலிருந்து காடாம்புலியூர் வரை எத்தனை கொட்டகை என்று அஞ்சலையக்கா விரல் விட்டு எண்ணிக் காட்டினார். விரல்கள் போதவில்லை.

மூன்று மாதமாக ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட என் புத்தியை என்னவென்று சொல்வது? ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் கை கழுவிவிட்டு வீட்டுக்கு வந்து, நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஃபோனை எடுக்கிறவர்கள் நாங்கள். உலகமே அப்படித்தான் என்று நினைத்துவிட்டோம்.

திரும்பி வந்து பாலகிருஷ்ணன் சாரிடம் அழாத குறையாகச் சொன்னேன். நேரத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றலாம் என்றேன். சாயங்காலம் இடமில்லை என்றார். "நீ சொல்றது சரியாக்கூட இருக்கலாம்மா. ஆனா நோட்டுல இல்லியே. நிலையக் குழுவுக்கு நான் எதைக் காட்டுவேன்?" நோட்டுப் போட்டவளே நான்தான்.

வியாழக்கிழமை விடிந்தது. அஞ்சலையக்கா மஞ்சள் புடவையில் வந்தார், தலையில் கனகாம்பரம். நான் "வழங்குபவர், அஞ்சலை" என்று அறிவித்துவிட்டு வெளியே வந்தேன். சார் கூடத்தில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். அக்கா எப்போதும்போலப் பேசினார். ரேஷன் கடைச் சேதி ஒன்று, காய்ச்சல் வந்த குழந்தைக்கு என்ன கொடுக்கக் கூடாது என்று ஒன்று. பதினொன்று பத்து ஆனது. மைக்கை இழுத்து இன்னும் கிட்டத்தில் வைத்துக்கொண்டார்.

"இன்னியோட நம்ம நிகழ்ச்சிய நிறுத்தறாங்களாம். ஃபோனு வரலியாம். அவங்க மேல தப்பு இல்ல. ஃபோனு வரலன்னா ஆளு இல்லன்னுதான நெனப்பாங்க. அதனால இன்னா பண்றீங்க, கட்டைய கீழ வையுங்க. எழுந்து போயி கையக் கழுவுங்க. நல்லா எண்ண போட்டு, சாம்ப போட்டு தேச்சிக் கழுவுங்க, அவசரம் இல்ல. அதுவரைக்கும் நான் பாடிக்கினு இருக்கேன்."

பாட ஆரம்பித்தார். நாத்து நடுகிற பாட்டு. ஒன்றுக்குப் பின் ஒன்றாக அடிகள் வந்துகொண்டே இருந்தன, குனிந்து நடுகிறவர்களின் மூச்சுக்கு ஏற்ற மாதிரி. பதினொன்று பதினைந்து. சார் தொலைபேசியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பதினொன்று இருபது. ரிசீவர் சரியாக வைக்கப்பட்டிருக்கிறதா என்று ஒரு தடவை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். உயிர் இருந்தது. பதினொன்று இருபத்து மூன்று. அக்கா கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார். ஒரு தடவை கூடத் திறந்து எங்களைப் பார்க்கவில்லை.

அடித்தது.

"நான் முத்தாண்டிக்குப்பம் செல்வி. கை கழுவிட்டேன்" என்றது ஒரு குரல். வைத்துவிட்டது.

வைத்த கை எடுக்கும் முன் மறுபடி அடித்தது. "கஸ்தூரி பேசறேன், கை கழுவிட்டேன்." அடுத்தது. "கை கழுவியாச்சுன்னு சொல்லுங்கம்மா அக்காவாண்ட." அடுத்தது, அடுத்தது. யாரும் வேறு எதுவும் பேசவில்லை. பெயர், ஊர், கை கழுவியது. நோட்டில் எழுத எழுத என் எழுத்து கோழி கிளறியது போல ஆகி, கடைசியில் வெறும் குச்சி குச்சியாகக் கோடு போட்டேன். பாலகிருஷ்ணன் சார் எழுந்து நின்றுவிட்டார். ஒரே லைன்தான் என்பதால் எடுத்ததைவிடக் கிடைக்காதவர்களே பல மடங்கு இருந்திருப்பார்கள். பதினொன்றரைக்கு என்னுடைய உடல்நலக் குறிப்புகள் போயிருக்க வேண்டும். யாருக்கு வேண்டும் உடல்நலம்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஓர் ஆண் குரல். காடாம்புலியூரில் கொட்டகை வைத்திருக்கிற காதர் பாய்.

"என்னாங்க ரேடியோ நடத்துறீங்க நீங்க? நாப்பது பொம்பளைங்க கையக் கழுவிட்டுப் பாட்டுக் கேட்டுக்கினு உக்காந்திருக்காங்க. வறுத்த கொட்டை அப்படியே ஆறிப் போவுது. பக்கத்து கொட்டாய்லயும் இதே கததான்."

நான் பயந்து ரிசீவரை சாரிடம் நீட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு பேனாவை எடுத்தார். "மன்னிச்சிக்குங்க பாய். உங்க கொட்டாய்ல நாப்பதுன்னு சொன்னீங்க. பக்கத்துல எத்தன பேரு?" என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். வருகைப்பதிவு பார்த்த கை, விடுமா?

"அந்தம்மாவாண்ட குடுங்க" என்றார் பாய்.

ரிசீவரை மைக்கின் வாயில் வைப்பதுதான் அப்போது எங்கள் தொழில்நுட்பம். ஒயரை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். அக்கா பாட்டை நிறுத்தி, "அஞ்சலை பேசறேங்க பாய்" என்றார். எல்லாக் கொட்டகைகளிலும் அது கேட்டுக்கொண்டிருந்தது.

பாய் தணிந்த குரலில் சொன்னார். "அஞ்சலையம்மா, பாட்டு முடிஞ்சாத்தான் கட்டையத் தொடுவோம்னு சொல்றாங்கம்மா. கொஞ்சம் சீக்கிரம் முடிச்சிக் குடுங்க."

"இன்னும் ரெண்டடி இருக்குதுங்க பாய்."

"சரி, பாடிருங்க."

பாடினார். முழுசாக, நிதானமாக, ஓர் எழுத்தைக் கூட விழுங்காமல். முடித்துவிட்டு, "எல்லாரும் வேலையப் பாருங்க. அடுத்த வியாழக்கெழம பாக்கலாம்" என்றார். அடுத்த வியாழக்கிழமை உண்டு என்று அவரிடம் யாரும் அதுவரை சொல்லியிருக்கவில்லை. நான் கண்ணாடிக்குப் பின்னால் தேம்பித் தேம்பி அழுதேன். என் வாழ்க்கையில் நான் தோற்று இவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

அந்தச் சனிக்கிழமை குழு கூடியது. சார் நோட்டை விரித்துக் காட்டினார். நிகழ்ச்சி வாரம் இரண்டு நாள் ஆனது, அடுத்த வருடம் ஐந்து நாள். காதர் பாய் தன் கொட்டகைக்குப் புது ரேடியோ வாங்கிப் போட்டதோடு, வெள்ளிக்கிழமை தப்ஸ் பாட்டை இன்னும் கொஞ்சம் நீட்டக் கூடாதா என்று விண்ணப்பமும் போட்டார். சிவப்புக் கோட்டுச் சட்டத்தை நானே எழுந்து வாபஸ் வாங்கினேன். 'வூடு' என்றால் 'வூடு' என்று விட்டுவிட்டேன். போகப் போக என் பொன்னான காலைப் பொழுதும் சாதாரணக் காலை ஆனது.

எல்லாம் போய்விட்டது இப்போது. நிலையத்தின் உரிமத்தைப் புதுப்பிக்க ஆள் இல்லாமல் ஒருநாள் மூடினார்கள். முட்டை அட்டைகளை யார் பிய்த்தார்களோ. கொட்டகைகள் பலவற்றில் இயந்திரம் வந்துவிட்டது, கைகள் முன்போல வேகவில்லை. அதற்கு வருத்தப்பட்டால் நான் மனுஷி இல்லை. ஆளுக்கொரு கைபேசி, காதில் ஒயர், ஆளுக்கொரு பாட்டு. ஒருவர் சொன்னால் இத்தனை பேர் ஒரே நேரத்தில் எழுந்து போகிற காரியம் இனி நடக்காது. பாலகிருஷ்ணன் சார் போய்ச் சேர்ந்துவிட்டார். அஞ்சலையக்கா மகள் வீட்டோடு சென்னைப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி.

இன்னொன்றும் இல்லை. அந்த வியாழக்கிழமையின் பதிவு. அழைப்பு வராத நிகழ்ச்சிக்கு எதற்குக் குறுந்தகட்டை வீணாக்குவது என்று அதைப் பதிவு செய்ய வேண்டாம் என முடிவெடுத்திருந்தோம். முடிவெடுத்தது யார் என்று கேட்காதீர்கள். 'மலரும் மாலை' மட்டும் முப்பத்தெட்டுக் குறுந்தகடு என் வீட்டுப் பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

சென்ற தை மாதம் பண்ருட்டியில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரம்மா காடாம்புலியூர். பேச்சு எப்படியோ ரேடியோவுக்குப் போனது. அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "கட்டைய கீழ வையுங்க. எழுந்து போயி கையக் கழுவுங்க. நல்லா எண்ண போட்டு, சாம்ப போட்டு தேச்சிக் கழுவுங்க, அவசரம் இல்ல" என்று ஒரு சொல் பிசகாமல், அக்காவின் அதே இழுப்போடு சொன்னார். பிறகு அந்தப் பாட்டில் நாலு அடி பாடினார். எதிர் வரிசையில் இருந்த இரண்டு பெண்கள் சாம்பார் வாளிக்காரரை நிற்கவைத்துவிட்டுச் சேர்ந்து பாடினார்கள்.

பழக்கதோஷம் விடவில்லை. அப்போது சாயங்காலங்களில் 'மலரும் மாலை' என்று ஒன்று வருமே, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

அவர் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். "இல்லியேம்மா. அந்த ரேடியோவுல அஞ்சலையம்மா மட்டும்தான பேசுவாங்க" என்றார்.

ஆமாம் என்றேன்.